சுமை இல்லாத இன்ஜின்

இங்கிலாந்தில் கோடை வந்தால் கிராமத்துத் திடல்களில் பழைய இயந்திரக் காட்சிகள் நடக்கும். நீராவி ரோலர்களுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவே, கயிறு கட்டிய வேலிக்குப் பின்னால், ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்கள் வரிசையாக நிற்கும். பச்சைப் பெயின்ட் பளபளக்கும். பித்தளைக் குழாயில் முகம் பார்க்கலாம். பல இன்ஜின்கள் ஓடிக்கொண்டும் இருக்கும். ஆனால் ஃப்ளைவீலில் பெல்ட் இருக்காது. தண்ணீர் இறைக்காமல், மாவு அரைக்காமல், நாள் முழுக்க வெறுமனே சுற்றும். நம் ஊரிலும் பழைய ஆயில் இன்ஜின்மேல் பற்று வைத்திருப்பவர்கள் இதே வழியில்தான் போகிறார்கள். துரு எடுத்து, பெயின்ட் அடித்து, ஹேண்டில் போட்டு, டப் டப் என்று சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று துணியில் கை துடைத்துவிடுகிறார்கள். இந்த இன்ஜின்களில் கைவைத்துப் பழகியவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஸ்டேஷனரி டீசல் இன்ஜினைக் காப்பாற்றுவது என்றால் அதற்கு வேலை கொடுப்பது. ஓட்டாமல் போட்டு வைத்தால் அது ஒரு விதமாகக் கெடும். சுமையில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் வேறு விதமாகக் கெடும். இரண்டாவது கேடு வெளியே தெரியாது என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

லிஸ்டர் சி.எஸ். இன்ஜினை வைத்தே பேசலாம். இந்த வகையில் உலகமெங்கும் அதிகம் பரவியது அதுதான். இங்கிலாந்தில் க்ளோஸ்டர்ஷயர் பகுதியில் டர்ஸ்லி என்ற சிற்றூர். அங்கே ஆர். ஏ. லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 1980-கள் வரை செய்துகொண்டிருந்தது. சி.எஸ். என்றால் கோல்ட் ஸ்டார்ட். அந்தப் பெயரின் அருமை அதற்கு முந்திய இன்ஜின்களை அறிந்தவர்களுக்குப் புரியும். ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட்டின் வழியில் வந்த இன்ஜின்களில், தலைப்பக்கம் இருக்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் பல நிமிடம் சுட வைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய முடியும். டீசல் முறையில் அந்தத் தொல்லை இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். ஆனால் ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய இன்ஜின், எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுவதற்கே அழுத்தக் காற்றை நம்பியிருந்தது. அதற்கு ஒரு கம்ப்ரசர் வேண்டும். தோட்டத்து இன்ஜினுக்கு அது கட்டுப்படியாகாது. 1927-ல் ராபர்ட் போஷ் கம்பெனி எண்ணெய் பம்ப்பை ஆலையில் மொத்தமாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான், ஐந்து குதிரைசக்தி டீசல் இன்ஜின் விவசாயியின் கைக்கு எட்டும் பொருளாயிற்று. அந்த வழி திறந்த சில ஆண்டுகளுக்குள் வந்தவற்றில் ஒன்று லிஸ்டர்.

அதன் கணக்கைப் பார்த்தால் செய்தவர்களின் மனம் தெரியும். சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், ஸ்ட்ரோக் ஐந்தரை அங்குலம். கொள்ளளவு ஏறக்குறைய 1,430 சி.சி. இவ்வளவு பெரிய சிலிண்டரிலிருந்து முதலில் எடுத்தது நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைசக்தி. பிறகு 650 சுற்றில் 6, இன்னும் பிறகு 850 சுற்றில் 8. இதனோடு நம் நாட்டுக் கிர்லோஸ்கர் ஏ.வி.1 இன்ஜினை ஒப்பிடலாம். பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்கள் பெரும்பாலும் அதையோ அதன் தம்பியையோ ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பார்கள். அதன் விட்டம் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 110. கொள்ளளவு 553 சி.சி.; 1,500 சுற்றில் 5 குதிரைசக்தி. அதாவது அதே வேலைக்கு லிஸ்டர் இரண்டரை மடங்கு பெரிய சிலிண்டரைப் பாதி வேகத்துக்கும் குறைவாக ஓட்டுகிறது. 650 சுற்றில் லிஸ்டரின் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 3 மீட்டர் பயணம் செய்கிறது, ஏ.வி.1 பிஸ்டன் ஐந்தரை மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒன்று 39,000 முறை சுற்றும்போது மற்றது 90,000 முறை சுற்றிவிடும். லைனர் தேய்வதும் பேரிங் தேய்வதும் இந்த எண்களோடு போகும் சமாச்சாரம். முந்நூறு கிலோவுக்கு மேல் இரும்பைப் போட்டு, மெதுவாக ஓட்டி, ஆயுளை வாங்கியிருக்கிறார்கள். அதைத் தொழில்நுட்பம் போதாத காலத்தின் மந்தம் என்று சொல்பவர்கள் உண்டு. பழுது பார்க்கும் ஆள் ஐம்பது மைல் தள்ளி இருக்கும் பண்ணைக்கு எது தேவையோ அதைக் கணக்குப் போட்டுச் செய்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

இந்த மெதுவான ஓட்டத்தில் இன்னொரு பேறு இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எண்ணெய் எரியும். 650 சுற்றில் அது நிமிடத்துக்கு 325 முறை, நொடிக்கு ஐந்தைச் சற்றுத் தாண்டும். பழகிய காது அந்த ஐந்தையும் தனித்தனியே பிரித்துக் கேட்கும். 1,500 சுற்றில் நொடிக்குப் பன்னிரண்டு தாண்டிவிடும். அங்கே அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உறுமலாகிவிடும். மெதுவாக ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு அடியும் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறது. ஒன்று கனத்து ஒன்று மெலிந்து வந்தால் எண்ணெய் ஒரே அளவில் வரவில்லை, அல்லது கவர்னர் எங்கோ சிக்குகிறது. கூர்மையாக உச்சியில் தட்டினால் எண்ணெய் முன்கூட்டியே விழுகிறது, அல்லது நாசில் பூவாய்த் தூவாமல் ஒழுகுகிறது. அடி ஆழத்திலிருந்து மந்தமாக வரும் தட்டு பெரும்பாலும் பிக் எண்டு பேரிங். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் வெறுமனே ஓடும் இன்ஜினில் வெளிப்படாது. சுமை ஏறினால்தான் பேரிங் தன் தேய்மானத்தைச் சொல்லும். சுமை ஏறினால்தான் நாசிலின் யோக்கியதை புகையில் தெரியும். சுமையில்லாமல் இனிமையாக ஓடுகிறது என்று யாராவது ஒரு இன்ஜினைப் புகழ்ந்தால், அதைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். முதலில் டீசல் லைனில் ஏர் எடுக்க வேண்டும். குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை பொறுக்க வேண்டும். பிறகு எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைப் போட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்காது; ஃப்ளைவீல் கைக்கு இளகிச் சுற்றும். எண்ணெய் பம்ப்பைக் கைலீவரால் நிதானமாக அடிக்கும்போது, நாசில் நன்றாக இருந்தால் தலைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். பழைய மரக்கதவின் கீல் ஒரு கணம் முனகுவது போல இருக்கும். அந்த முனகல் வரவில்லை என்றால் ஹேண்டிலைத் தொடுவது வீண். நாசிலைக் கழற்றிப் பார்ப்பதே வழி. முனகல் வந்ததும் ஹேண்டிலை மாட்டி, ஃப்ளைவீலின் கனம் நம் கையை இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு வேகம் ஏற்றி, லீவரை விடுவார்கள். ஒரு அமுக்கு, கருப்பாக ஒரு கொத்துப் புகை, அடுத்த அடி, அதற்கடுத்த அடி, பத்துப் பன்னிரண்டு அடிக்குள் கவர்னர் எண்ணெயைப் பிடித்துக் குறைத்துவிடும். பேட்டரி இல்லை, வயர் இல்லை, சுவிட்ச் இல்லை. பல மாடல்களில் சிலிண்டர் தலையின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கும். அதை உள்ளே திருகினால் எரியறையின் ஒரு பகுதி அடைபட்டு அழுத்த விகிதம் கூடும். வெளியே திருகினால் குறையும். ஸ்டார்ட் செய்யும்போதும் குறைந்த சுமையிலும் கூடுதல் அழுத்தம், சுமை ஏறியதும் குறைந்த அழுத்தம் என்பது முறை. சுமை எவ்வளவு என்று ஓட்டுபவரைக் கேட்பதற்காகவே ஒரு சக்கரத்தை வைத்து அந்த இன்ஜினைச் செய்திருக்கிறார்கள். காட்சித் திடலில் அந்தச் சக்கரத்தை யாரும் திருப்புவதில்லை; திருப்ப அங்கே காரணமும் இல்லை.

சரி, சுமையில்லாமல் ஓட்டினால் அப்படி என்ன கெட்டுவிடும்? பிஸ்டன் ரிங் தன் சொந்த ஸ்பிரிங் விசையால் மட்டும் லைனரைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் இறங்கி அதைச் சுவரோடு வைத்து அழுத்துகிறது. சுமை இல்லாதபோது எண்ணெய் துளியளவுதான் விழும். வாயுவின் அழுத்தம் குறையும். ரிங்கின் பிடி தளரும். சிலிண்டரும் சூடேறாது. அரைகுறையாக எரிந்த டீசலும் மேலே ஏறும் மசகு எண்ணெயும் லைனர் சுவரில் சேர்ந்து வார்னிஷ் போலக் காய்ந்துவிடும். லைனரில் ஹோனிங் செய்யும்போது விழும் குறுக்குக் கோடுகள் எண்ணெயைப் பிடித்து வைப்பதற்காக இருப்பவை. அவை இந்த வார்னிஷில் தூர்ந்துபோகும். சுவர் கண்ணாடிபோல ஆகிவிட்டால் ரிங்குக்குப் பிடிமானம் இல்லை. வாயு கீழே இறங்கும், எண்ணெய் மேலே ஏறும். எரியாத டீசல் கசிந்து சம்ப்பில் இருக்கும் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். சைலன்சரைக் கழற்றினால் உள்ளே தார் போல ஈரக் கரி இருக்கும். காட்சிக்கு மட்டுமே ஓடும் இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சில் கருப்பு ஒழுகல் தெரிவது இதனால்தான். இது தேய்மானத்தால் வருவது இல்லை. உழைப்பே இல்லாததால் வருவது. அதே இன்ஜினில் பெல்ட்டைப் போட்டு அரைச் சுமைக்கு மேல் ஓரிரு மணி நேரம் ஓட்டினால் அந்தக் கரியில் பெரும்பகுதி எரிந்து வெளியேறிவிடும். லைனர் ஆழமாகக் கண்ணாடியாகிவிட்டால் மட்டும் மறுபடியும் ஹோனிங்கே கதி.

தண்ணீரிலும் இதே கதைதான். இந்த இன்ஜின்களைக் குளிர்விக்கப் பம்ப்பே தேவையில்லை. பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து மேலும் கீழும் குழாய் கொடுத்தால் போதும். சூடான தண்ணீர் தானாக மேலேறும், குளிர்ந்தது தானாகக் கீழிறங்கும். நம் தோட்டங்களில் இந்தத் தொட்டியை விட்டுவிட்டு, பம்ப் இறைக்கும் கிணற்றுத் தண்ணீரிலிருந்தே ஒரு கிளைக்குழாய் எடுத்து நேராக ஜாக்கெட்டுக்குள் விட்டார்கள். இன்ஜின் சூடாகாமல் ஓடுகிறது என்று அதைப் பெருமையாகவும் நினைத்தார்கள். ஆனால் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் எரிவாயுவின் நீராவி வியர்த்து நிற்கும். டீசலில் கந்தகம் மிகுந்திருந்த அந்தக் காலத்தில் அந்த வியர்வை அமிலமாகி லைனரை அரித்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 டீசல் வந்த பிறகு கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது. அந்த அரிப்பு இன்று பெரிய கவலை இல்லை. குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் சரியாக எரியாது என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. தொட்டித் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் வெற்று ஓட்டத்தில் அது நடக்காது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. பழைய இன்ஜின் கிடைப்பதே அரிது; அதற்குச் சுமை கொடுத்துத் தேய்ப்பானேன், நல்லபடியாக எண்ணெய் தடவி வைத்தால் இன்னும் நூறு ஆண்டு இருக்காதா என்பார்கள். தேயும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓடாத இன்ஜின் தேயாமல் இருப்பதில்லை, துருவாகத் தேய்கிறது. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் பெரும்பாலும் ஒரு வால்வு திறந்திருக்கும். அதன் வழியே மழைக்கால ஈரம் சிலிண்டருக்குள் போய், ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் லைனரில் வளையமாகக் குழி விழ வைக்கும். பம்ப்பின் எலிமென்ட்டும் நாசில் ஊசியும் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் ஒன்றோடொன்று பொருந்தியவை. உள்ளே நிற்கும் பழைய டீசல் பிசினாகி அவற்றை ஒட்டிவிடும். பத்து ஆண்டு ஓடிய இன்ஜினைவிடப் பத்து ஆண்டு சும்மா கிடந்த இன்ஜினுக்குத்தான் செலவு அதிகம் என்பது இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டாவது, இந்த இன்ஜினைச் செய்தவர்களே தேய்வதற்கென்று சில பாகங்களையும் நிலைப்பதற்கென்று சிலவற்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிங், லைனர், பிக் எண்டு பேரிங், வால்வு, நாசில் முதல் வகை. கிராங்க் கேஸும் ஃப்ளைவீலும் இரண்டாம் வகை. முதல் வகையை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டாம் வகை பல தலைமுறைக்கு வரும்.

ஆனால் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. டீசல் 1897-ல் ஓட்டிய அந்த இன்ஜின் இன்று மியூனிக்கில் டாய்ட்ஷ் மியூசியத்தில் இருக்கிறது. 250 மில்லிமீட்டர் விட்டம், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். சோதனையில் எண்ணெயின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக்காட்டி, அக்கால நீராவி இன்ஜின்களைப் பின்தள்ளியது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஒவ்வொரு கீறலும் ஆவணம். ஒரு வால்வை மாற்றினால்கூட ஒரு சாட்சியம் போய்விடும். அப்படி உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு அசையாத கண்ணாடிப் பெட்டிதான் சரி. நம் கைக்கு வரும் இன்ஜின்கள் அப்படிப்பட்டவை இல்லை. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றில் பழகிய கை மற்றொன்றிலும் வேலை செய்யும். இவற்றில் அரிதாகிக்கொண்டிருப்பது அந்தக் கைதான். நாசிலின் முனகலைக் கேட்டு முடிவெடுப்பது, புகையின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்வது, சாலிடர் கம்பித் துண்டைப் பிஸ்டன் தலையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்து, மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, இவையெல்லாம் இன்ஜின் வேலை செய்யும்போது மட்டும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

அசல், நகல் பேச்சும் இங்கே வரும். லிஸ்டர் வடிவத்தைக் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் எடுத்துக்கொண்டு பல்லாண்டு வார்த்துத் தள்ளின. டர்ஸ்லியில் நின்ற பிறகும் ராஜ்கோட்டில் நிற்கவில்லை. வெளிநாட்டு ஆர்வலர்கள் இவற்றை லிஸ்டராய்டு என்று அழைப்பார்கள். நகல்தானே, அதைக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்ற இளக்காரம் அந்தப் பெயரில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. குறைகள் உண்மைதான். சில இன்ஜின்களில் வார்ப்பு மணல் கிராங்க் கேஸின் உள்மூலைகளில் அப்படியே இருக்கும்; அதைச் சுரண்டிக் கழுவாமல் ஓட்டினால் சில மணி நேரத்தில் பேரிங்கை அரைத்துவிடும். ஃப்ளைவீல்களின் எதிரெடை சரியில்லாமல் இன்ஜினே துள்ளுவதும் உண்டு. டர்ஸ்லி இன்ஜினில் இருந்த டேப்பர் ரோலர் பேரிங்குக்குப் பதில் பல நகல்களில் புஷ் பேரிங் இருக்கும். இத்தனை குறைகளோடும் இந்த நாட்டின் கிணறுகளையும் மாவு மில்களையும் கரும்பாலைகளையும் நடத்தியது இந்த வகை இன்ஜின்கள்தான். இன்று டர்ஸ்லி இன்ஜினுக்கு ஒரு பிஸ்டன் வேண்டுமென்றால்கூட இங்கிலாந்துக்காரர் பல சமயம் ராஜ்கோட்டில் வார்த்ததையே வாங்கிப் போடுகிறார். அசல் உயிரோடிருப்பது நகலின் தயவால். இன்ஜினை அதன் பெயர்ப்பலகையை வைத்து மதிப்பவர்களுக்கு இது சங்கடமாக இருக்கலாம். அது இறைத்த தண்ணீரை வைத்து மதித்தால் சங்கடம் எதுவும் இல்லை.

புகையைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த இன்ஜின்கள் இன்றைய எந்த மாசு வரம்புக்கும் பொருந்தாதவை. சான்று இல்லாத இன்ஜின்களை அமெரிக்கா இறக்குமதி செய்யவே விடாது. ஊருக்கு நடுவே தினமும் ஜெனரேட்டராக இவற்றை ஓட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் மாதத்தில் ஒருநாள், திறந்த வெளியில், இரண்டு மணி நேரம் ஓடும் இன்ஜினின் கதை வேறு. அதிலும் சுமையோடு ஓடும் இன்ஜின் வெற்று ஓட்டத்தைவிடச் சுத்தமாக எரிக்கும். புகை மூன்று நிறம். வெள்ளை என்றால் எண்ணெய் பற்றவே இல்லை, சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருக்கிறது. நீலம் என்றால் சம்ப் எண்ணெய் மேலேறி எரிகிறது. கருப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல், அதாவது சுமை அளவு மீறிவிட்டது, இல்லையென்றால் நாசில் கெட்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள லிஸ்டர் முக்கால் சுமையில் ஓடும்போது சைலன்சர் வாயில் லேசான நடுக்கம் மட்டும் தெரியும், நிறம் தெரியாது. டீசலுக்குப் பதில் தாவர எண்ணெய் ஊற்றினால் சுத்தமாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்று டீசலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லிஸ்டர் போன்ற மெதுவான இன்ஜின் அதைத் தாங்கவும் செய்யும். ஆனால் கெட்டியான அந்த எண்ணெய் குறைந்த சுமையில் நாசில் மூக்கில் கரியாகப் படியும், ரிங்கை ஒட்ட வைக்கும். அங்கேயும் நிபந்தனை சூடும் சுமையும்தான்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். விவசாயிக்கு மின்மோட்டார் இதைவிட எல்லா விதத்திலும் மேல். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைப் பக்கம் வந்ததிலிருந்தே மோட்டார் இன்ஜினைத் தள்ளத் தொடங்கிவிட்டது. 1990-ல் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் எல்லாருக்கும் இலவசமானபோது போட்டி முடிந்தது. இலவசம் மட்டும் காரணமில்லை. மேலே வைத்த பம்ப் நடைமுறையில் ஆறு ஏழு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. காற்றழுத்தத்தின் வரம்பு அது. நீர்மட்டம் இறங்க இறங்க இன்ஜினையும் கிணற்றுக்குள்ளே மேடை கட்டி இறக்கிப் பார்த்தார்கள். போர்வெல் வந்ததும் அதுவும் முடியாது. மோட்டாரைக் குழாய்க்குள்ளேயே இறக்கலாம், இன்ஜினை இறக்க முடியாது. ஆகவே இந்த இன்ஜின்கள் பாசனத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்பது என் வாதம் இல்லை. டீசல் இன்ஜின் எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் கையாலும் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடப்பொருள் இல்லை என்பதே வாதம். இன்றைய லாரி இன்ஜினில் எல்லாம் மூடிக்குள்ளே நடக்கிறது. நோயைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. லிஸ்டரில் புஷ் ராடு வெளியே ஏறி இறங்குகிறது. ராக்கருக்குக் கையால் எண்ணெய் விட வேண்டும். சுமை கூடும்போது கவர்னர் பம்ப்பின் ரேக்கை நகர்த்துவதைக் கண்ணால் பார்க்கலாம். வெற்று ஓட்டத்தில் அந்த ரேக் ஒரே இடத்தில் நிற்கும். மாணவன் அங்கே கற்க ஒன்றுமில்லை.

சுமைக்கு எங்கே போவது என்பதும் பெரிய பிரச்சினை இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் உள்ள கயிற்றுப் பிரேக்கையே செய்துகொள்ளலாம். இரண்டடி விட்டமுள்ள ஓர் உருளையை ஷாஃப்ட்டில் மாட்டி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடை, மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. 650 சுற்றில் இரண்டுக்குமான வித்தியாசம் 22 கிலோ வந்தால் அதுதான் முழு 6 குதிரைசக்தி. 11 கிலோ வந்தால் பாதி. உருளை சுடும், உள்விளிம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் எளிய வழி ஒரு சென்ட்ரிஃப்யூகல் பம்ப். மொத்தம் 10 மீட்டர் உயரத்துக்கு, பம்ப்பின் திறன் பாதி என்று வைத்தாலும், 6 குதிரைசக்தி நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளும். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு அந்தத் தண்ணீர் பாய்ந்து விழுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு குதிரைசக்தி என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டரைப் பெல்ட்டில் மாட்டிப் பல்பு எரித்தால், ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் லேசாகத் துடிப்பது தெரியும். ஃப்ளைவீலின் கனம் எதற்கு என்பது அந்தத் துடிப்பில் இருக்கிறது.

பாதுகாப்பை மட்டும் வாதத்துக்கு உட்படுத்த முடியாது. ஃப்ளைவீலை ஷாஃப்ட்டில் பிடிக்கும் கிப் சாவியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. வேட்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ அதில் பட்டால் ஆளையே இழுத்துவிடும். அதன்மேல் மூடி போடாமல் எந்த இன்ஜினையும் கூட்டத்துக்கு நடுவே ஓட்டக் கூடாது. ஹேண்டில் தேய்ந்து ஷாஃப்ட்டிலிருந்து கழலாமல் போனால் அதுவே சுத்தியலாகிவிடும். ஃப்ளைவீல் ஆரக்காலில் விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது தகரம்போலக் கரகரக்கும். மூடிய அறைக்குள் ஓட்டவே கூடாது. நிறுத்தும்போது வால்வு லீவரைத் தூக்கி நிறுத்தாமல், பம்ப்பில் எண்ணெயை அடைத்தே நிறுத்த வேண்டும். சூடான வாயு பாதி திறந்த எக்ஸாஸ்ட் வால்வின் வழியே போனால் வால்வு கருகிவிடும்.

உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமிலோ மூடிக் கிடக்கும் மில்லிலோ இப்படி ஒரு இன்ஜின் இருந்தால், பழைய இரும்புக் கடைக்கு எடை போடும் முன் ஒரு வாரம் பொறுங்கள். ஹேண்டிலைப் போட்டு வலுவாகத் திருகிப் பார்க்காதீர்கள். இறுகிய ரிங் உடையும். நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் ஊற விட்டு, பிறகு ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது பிழைக்கும். பக்கத்து ஊரில் ஆயில் இன்ஜின் வேலை பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் இன்னும் இருப்பார்; அவரை அழைத்து வந்து, வீட்டுப் பிள்ளை ஒருவனையும் கூட நிற்க வைத்து வேலையைத் தொடங்குங்கள். ஓடத் தொடங்கியதும் முதல் காரியமாக ஒரு பெல்ட்டைப் போட்டு பம்ப்பை மாட்டுங்கள். பெயின்ட் அப்புறம் அடிக்கலாம். வேலை முடிந்து நிறுத்தும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சி நிலைக்கு ஃப்ளைவீலைக் கையால் கொண்டுவந்து விட்டுவிட்டு வாருங்கள்.